ஏழாவது பாறையில் போட்ட புகை

எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு பங்குனி மாதம் நடந்தது இது. இடம், ஊத்துக்கோட்டைக்கு மேற்கே ஆந்திரா எல்லையை ஒட்டிக் கிடக்கிற மொட்டைப் பாறைக் குன்றுகள். பஸ்ஸில் அந்தப் பக்கம் போனவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள். அழகாகத்தான் இருக்கும். ஒரே நாளில் அதில் ஏழு குன்று ஏறினால் அழகாக இருக்காது.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் வரப் போகின்றன என்று அப்போது ஒரே பேச்சு. தொழிற்சாலைக்கு மின்சாரம் வேண்டும், மின்சாரத்துக்குக் கோபுரம் வேண்டும், கோபுரம் நட முதலில் நிலத்தை அளக்க வேண்டும். அளக்கிற வேலையை எடுத்த ஒரு கான்ட்ராக்டர் எங்கள் ஊர்ப் பக்கம் ஆள் பிடித்தான். கடம்பத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா, அம்மா இருவருக்கும் கழனி வேலை. இன்னொருத்தன் கழனியில் குனிய மாட்டேன் என்று அப்பாவிடம் சண்டை போட்டுவிட்டு நான் கொடி வேலைக்குப் போனேன்.

கொடி வேலை என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். சர்வேயர் ஒரு குன்றின் உச்சியில் முக்காலியில் கருவியை நிறுத்தி உட்கார்ந்துகொள்வார். அந்தக் கருவிக்கு தூர்பீன் என்று நாங்கள் பேர் வைத்திருந்தோம். சுற்றிலும் இருக்கிற மற்றக் குன்றுகளின் உச்சியில் நாங்கள் ஏறி, கல்லைக் குவித்து, அதற்குச் சுண்ணாம்பு அடித்து, மூங்கிலில் கட்டிய பெரிய சிவப்பு வெள்ளைக் கொடியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அவர் அதைக் குறி பார்த்து அளவு எடுப்பார். மைல் கணக்கில் தூரம், கத்தினால் கேட்காது. அதனால் அவர் கையில் ஒரு கண்ணாடி. வெயிலைப் பிடித்து எங்கள் பக்கம் அடிப்பார். ஒரு முறை மின்னினால் கொடி தெரிகிறது, ஆடாமல் நில். இரண்டு முறை மின்னினால் முடிந்தது, அடுத்த பாறைக்குப் போ. நிறுத்தாமல் மின்னிக்கொண்டே இருந்தால் கொடி தெரியவில்லை, புகை போடு. இவ்வளவுதான் பாஷை.

ஒரு பாறைக்கு இரண்டு பேர். தனியாக யாரையும் ஏற்ற மாட்டார்கள். ஒருவன் மூங்கிலும் கொடியும் தூக்குவான், இன்னொருவன் சுண்ணாம்பு வாளியும் தண்ணீர்க் குடமும். அந்த இரண்டாவது ஆளுக்கு ஜோடி என்று பேர்.

என் ஜோடி ஊத்துக்கோட்டைக்காரன். என் வயதுதான். வீட்டில் பாதி தெலுங்கு, பாதி தமிழ். வாய் மூடாதவன். பாறை ஏறும்போது மூச்சு வாங்குகிறது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன், அவன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே வருவான். எனக்கு அவனைப் பிடிக்கவே பிடிக்காது. இன்னொரு காரணமும் இருந்தது. அந்தக் குன்றுகளின் உச்சியில் எப்போதும் ஏதாவது ஒரு கல்லில் மஞ்சளும் குங்குமமும் பூசி வைத்திருப்பார்கள். சில இடத்தில் ஒரு பழைய விளக்குக் குழி இருக்கும். எது இருந்தாலும் சரி, அவன் வாளியை இறக்கிவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, கீழே விழுந்து கும்பிடுவான். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம். எனக்கு எரியும்.

“யோவ், கல்லு கல்லா கும்புட்டுக்கினு இருந்தா பொழுது எப்பய்யா போறது?”

“சாமி தலை மேல ஏறி நின்னுக்கினு சுண்ணாம்பு அடிக்கிறோம் நைனா. ஒரு கும்புடு கூட போடலன்னா எப்படி? உங்க சாமி மேல எவனாவது சுண்ணாம்பு அடிச்சா சும்மா இருப்பியா?”

நான் மூங்கிலைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். அவன் சொன்னது சரி என்பதால் இன்னும் எரிந்தது.

சர்வேயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவருக்கு நாற்பது வயது இருக்கும். திருவள்ளூரில் கோயில் காரியம் பார்க்கிற குடும்பம். நெற்றியில் நாமம், தலையில் தொப்பி, காலில் கான்வாஸ் ஷூ. தண்ணீருக்கு ஒரு பித்தளைக் கூஜா வைத்திருப்பார். அதை நாங்கள் யாரும் தொடக் கூடாது. ஒருநாள் காற்றில் உருண்டு வந்ததை ஒருவன் எடுத்துக் கொடுத்தான், அவர் அன்று முழுக்கத் தண்ணீர் குடிக்கவில்லை. எங்களில் ஒருவர் பேரும் அவருக்குத் தெரியாது. எல்லாருமே ‘கொடி’தான். “ஏய் கொடி, இங்கே வா.” “அந்தக் கொடியைக் கூப்பிடு.” இரண்டு மாதம் இப்படித்தான்.

இன்னொன்று, தூர்பீன். முக்காலியில் ஏற்றிவிட்டால் அதை ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடக் கூடாது. காற்றில் சாய்ந்தால் போயிற்று. அவர் ஒன்றுக்குப் போனாலும் டிரைவர் வந்து பக்கத்தில் நிற்க வேண்டும். ஒரு தடவை டிரைவர் பீடி வாங்கப் போய்விட்டான் என்று அவனை எங்கள் எல்லார் எதிரிலும் அறைந்தார். ஜீப்பைவிட அது விலை உயர்ந்தது, எங்கள் எல்லாரையும் விட உயர்ந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

நான் சொல்ல வந்த நாளன்று எங்கள் கூட்டத்தில் மற்ற நாலு பேருக்கும் காய்ச்சல். நாங்கள் இருவர்தான் மிச்சம். அடுத்த நாள் கருவியை வேறு குன்றுக்கு மாற்றியாக வேண்டும் என்று கான்ட்ராக்டர் சொல்லியிருந்தான். அதனால் எட்டுப் பாறையையும் அன்றைக்கே முடிக்க வேண்டும்.

“ரெண்டு பேரும் போங்க. எட்டையும் முடிச்சுட்டு வாங்க,” என்றார் சர்வேயர்.

“சார், ஆள் பத்தாது. ஒரு நாள்ல எட்டு ஏற முடியாது,” என்றேன்.

“நான் உன்கிட்டே கேட்கலை. சொன்னேன்.”

விடிகிற நேரத்தில் தொடங்கினோம். முதல் இரண்டு பாறை சின்னது. பனிக்காற்று இருந்தது, ஓடியே ஏறிவிட்டோம். மூன்றாவதில் கள்ளிப்புதர். என் ஜோடியின் கால் முழுக்க முள். அவன் உட்கார்ந்து முள் எடுக்க எடுக்க அங்கே கண்ணாடி மின்னிக்கொண்டே இருந்தது.

“இன்னா அவசரம் பாரு அந்த ஆளுக்கு,” என்றான். “உனுக்குத் தெரியுமா நைனா, அந்த தூர்பீன்ல பாத்தா நாம தலைகீழா தொங்கினு இருப்போம். நான் ஒரு தபா திருட்டுத்தனமா பாத்துட்டு ஒத வாங்கிக்கினேன்.”

“நிஜமாவா?”

“ஆமா. பாறை மேல கீது, நீ கீழ தொங்குற. மூஞ்சி மட்டும் நேராத்தான் இருந்துது. எப்பவும் போல உம்முனு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். அவனிடம் சிரித்தால் அன்று முழுக்க விட மாட்டான்.

நான்காவது, ஐந்தாவது. வெயில் ஏறிவிட்டது. பாறை சுட்டது. ஐந்தாவதின் உச்சியில் உட்கார்ந்து கட்டிக்கொண்டு வந்த கூழைக் குடித்தோம். என்னுடையதில் வெங்காயம் இல்லை. அவன் கேட்காமலேயே தன்னுடையதில் பாதியை ஒடித்து என் பக்கம் வைத்தான். ஆறாவதில் ஏறி இறங்கும்போது நான் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்தேன். அவனும் பேச்சைக் குறைத்துவிட்டான். அவன் பேச்சைக் குறைத்தால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

ஏழாவது பாறை ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் செங்குத்து. சரிவுப் பக்கமாக ஏறினோம். செங்குத்துப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. சுற்றிப் போய்ப் பார்க்க எங்களுக்குத் தெம்பும் இல்லை. உச்சியில் கல்லைக் குவித்து, சுண்ணாம்பு அடித்து, கொடியை நிமிர்த்தினோம். என் ஜோடி வழக்கம் போல ஒரு கல்லைத் தேடிக் கண்டுபிடித்து அதைக் கும்பிட்டான்.

பங்குனி மதியத்தில் வானமும் பூமியும் ஒரே புழுதி நிறமாக இருக்கும். கண்ணாடி மின்னியது. நின்றோம். ஆனால் கண்ணாடி ஓயவில்லை, மின்னிக்கொண்டே இருந்தது.

“தெரியலயாம். பொகை போடச் சொல்றாரு,” என்றான்.

“அவுரு கண்ணுல பொரை இருந்தா நாம இன்னா பண்றது?”

“பேஜாரு பண்ணாத நைனா. போட்டுட்டுப் போயிக்கினே இருப்போம். இன்னும் ஒண்ணு கீது.”

காய்ந்த புல்லைப் பிடுங்கினோம். பாறை இடுக்கில் வைத்துக் கொளுத்தி, மேலே பச்சைத் தழையை ஒடித்துப் போட்டோம். வெள்ளையாகக் கெட்டிப் புகை எழுந்தது. காற்று இல்லை. புகை மேலே போகாமல் பாறை மேல் படுத்து, மெதுவாக நகர்ந்து, செங்குத்துப் பக்க விளிம்பைத் தாண்டிக் கீழே இறங்கியது. அடுப்பில் பால் பொங்கி வழிகிற மாதிரி. அதை நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ஒன்றும் தோன்றவில்லை.

முதலில் சத்தம்தான் கேட்டது. தூரத்தில் லாரி வருகிற மாதிரி. இந்தப் பக்கம் ஏது லாரி என்று நினைத்தேன். விளிம்புக்குக் கீழேயிருந்து கறுப்பாக ஒன்று எழுந்தது.

“தேன்பூச்சி!” என்று கத்தினான்.

மலைத்தேனீ. கூடு கூடாக அந்தச் செங்குத்துப் பக்கத்தில் தொங்கியிருக்கிறது. கீழேயிருந்து ஏறும்போது எங்களுக்குத் தெரியவில்லை. நாங்கள் போட்ட புகை நேராக அதன் மேல் இறங்கியிருக்கிறது.

நான் ஓடினேன். எந்தப் பக்கம் ஓடுகிறேன் என்று பார்க்கவில்லை. அவன் என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்துக் கீழே தள்ளினான். தள்ளியிருக்காவிட்டால் அந்த வேகத்துக்குச் செங்குத்துப் பக்கம்தான் போயிருப்பேன். கொடித்துணியை மூங்கிலிலிருந்து பிய்த்து என் தலை மேல் போட்டு, அவனும் உள்ளே நுழையப் பார்த்தான். துணி ஒரு ஆளுக்குத்தான் போதும். நான் கத்திக்கொண்டே இருந்தேன். அவன் துணியின் ஓரத்தை இழுத்து என் வாயையும் மூக்கையும் மூடினான். அப்படி இழுத்ததில் அவன் முதுகும் கழுத்தும் வெளியே இருந்தன.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் கையிலும் காலிலும், துணிக்கு மேலேயே முகத்திலும் கொட்டிக்கொண்டிருந்தது. அவனிடமிருந்து முதலில் தெலுங்கில் வசவு வந்தது, அப்புறம் முனகல் வந்தது, அப்புறம் அதுவும் இல்லை. அந்த நேரத்தில்தான் எனக்கு மூளை வேலை செய்தது. இரண்டு கை தூரத்தில் புகை இன்னும் கெட்டியாக வந்துகொண்டிருந்தது. அதற்குள் ஒரு பூச்சி இல்லை. அவன் காலைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப் புகைக்குள் போட்டேன். மிச்சத் தழை எல்லாவற்றையும் அள்ளி நெருப்பில் போட்டேன். இருவரும் இருமினோம். கண்ணும் மூக்கும் ஒழுகின. பூச்சிகள் கொஞ்சம் கொஞ்சமாக விலகின.

அவனைத் திருப்பிப் பார்த்தேன். முகம் முகமாக இல்லை. கண் இரண்டும் மூடி வீங்கிவிட்டன. உதடு தடித்துத் தொங்கியது. முதுகில் உள்ளங்கை வைக்க இடம் இல்லாமல் கொடுக்கு முள். வாந்தி எடுத்தான். எழுந்து நிற்க முயன்று விழுந்தான். மூச்சு விடும்போது விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. எங்கள் தெருவில் பாம்பு கடித்துச் செத்தவன் ஒருவனை நான் பார்த்திருக்கிறேன். அதே சத்தம்.

“நீ போயி ஆளை இட்டாந்துடு,” என்றான். “நான் இங்கயே கீறேன்.”

“வாய மூடு.”

“என்னால முடில நைனா.”

“மூடுய்யா வாயை!”

அவனைத் தனியாக விட்டுவிட்டுப் போனால், திரும்பி வரும்போது பிணத்தைத்தான் தூக்க வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. கொடித்துணியை அவன் அக்குளுக்குக் கீழே கொடுத்து என் மார்பில் முடிச்சுப் போட்டேன். அவன் என்னைவிடக் கனம். நின்று இறங்க முடியவில்லை. சரிவில் உட்கார்ந்து, அவனை முதுகில் கட்டிக்கொண்டு, காலை ஊன்றி ஊன்றிச் சறுக்கினேன். பாறை கொதித்தது. டிராயர் கிழிந்து, அதற்குக் கீழே தோலும் போயிற்று. ஒரு இடத்தில் கால் வழுக்கி இருவரும் சேர்ந்து உருண்டு ஒரு புதரில் போய் நின்றோம். அந்தப் புதர் இல்லையென்றால் இதை எழுத ஆள் இல்லை.

அங்கே நின்று மூச்சு வாங்கிக்கொண்டு சர்வேயர் இருந்த குன்றைப் பார்த்தேன். அதுவரை மின்னிக்கொண்டிருந்த கண்ணாடி நின்றுவிட்டது. நான் மார்பு முடிச்சை அவிழ்த்து, சட்டையைக் கழற்றி ஆட்டினேன். ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் ஆட்டினேன். மின்னவே இல்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தை இங்கே எழுத முடியாது. அச்சில் வராது. கொடி இறங்கிவிட்டதை அந்த ஆள் பார்த்திருக்கிறான், வேலையை விட்டுவிட்டு ஓடிவிட்டோம் என்று நினைத்துக் கடையைக் கட்டிவிட்டான் என்றுதான் நினைத்தேன். நாங்கள் செத்தால் நாளைக்கு வேறு இரண்டு கொடி கிடைக்கும். திட்டிக்கொண்டே சறுக்கினேன். திட்டியதால்தான் இறங்கினேன் என்றுகூடச் சொல்லலாம். அழுதிருந்தால் அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

அடிவாரத்தில் ஒரு கல்லின் நிழலில் அவனை இறக்கினேன். தண்ணீர்க் குடம் மேலே உடைந்து கிடந்தது. ஊர் ஒன்றும் பக்கத்தில் இல்லை. அறுத்த கழனி, அதற்கு அப்பால் ஏரிக்கரை. அவன் உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. எழுந்து கத்தினேன். என் குரல்தான் பாறையில் பட்டுத் திரும்பி வந்தது.

அப்புறம் இன்னொரு குரல் கேட்டது.

“கொடி! ஏய் கொடி! எங்கேடா இருக்கே?”

கழனி நடுவே ஒரு ஆள் ஓடி வந்துகொண்டிருந்தார். தொப்பி இல்லை. ஒரு காலில்தான் ஷூ. கையில் கூஜா. வரப்பில் தடுக்கி விழுந்தார், எழுந்தார், மறுபடி ஓடினார். எங்கள் சர்வேயர். ஓடி வருகிற அந்த மனிதருக்கு எங்கள் பேர்கூடத் தெரியாது. அதனால்தான் இரண்டு பேரையும் சேர்த்து ‘கொடி, கொடி’ என்றே கூப்பிட்டுக்கொண்டு வந்தார்.

வந்தவர் என்னைப் பார்க்கவில்லை. நேராக அவன் பக்கத்தில் முட்டி போட்டார்.

“மூச்சு இருக்காடா?”

“கீது சார். ஆனா...”

அவன் தலையைத் தன் கையில் தாங்கி, கூஜாவை அவன் வாயில் வைத்துச் சாய்த்தார். பாதி வெளியே வழிந்தது. மிச்சத்தை என்னிடம் நீட்டினார். எனக்கு வாங்கத் தயக்கமாக இருந்தது. “குடிடா!” என்று கத்தினார். குடித்தேன். திரும்ப வாங்கி, அடியில் இருந்ததை அவரும் ஒரே மூச்சில் குடித்தார். ஓடி வந்ததில் அவர் நெஞ்சு அடித்துக்கொண்டது கண்ணுக்குத் தெரிந்தது.

தூர்பீனில் எங்களைக் குறி பார்த்துக்கொண்டிருந்தவர், கொடி விழுந்ததையும் நாங்கள் கையை வீசித் துள்ளியதையும் பார்த்திருக்கிறார். முதலில் சண்டை போடுகிறோம் என்று நினைத்தாராம். கண்ணை எடுக்காமல் பார்த்தபோது புரிந்திருக்கிறது. உடனே கண்ணாடியைக் கீழே போட்டுவிட்டுக் குன்றிலிருந்து இறங்கி, டிரைவரை எழுப்பி, ஏரிக்கரை வரைக்கும் ஜீப்பில் வந்து, அதற்கு மேல் வழி இல்லாததால் ஓடி வந்திருக்கிறார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“சார், தூர்பீன்? அதுகிட்ட யாரு கீறாங்க?”

“அது கிடக்கட்டும். நீ காலைப் பிடிடா.”

அவர் தலைப் பக்கம், நான் கால் பக்கம். ஏரிக்கரை வரை தூக்கிக்கொண்டு ஓடினோம். ஜீப்பில் அவன் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அவர் சட்டை மேலேயே அவன் வாந்தி எடுத்தான். அவர் துடைக்கவில்லை. குனிந்து அவன் கழுத்திலிருந்து ஒவ்வொரு முள்ளாக நகத்தால் சுரண்டி எடுத்துக்கொண்டே வந்தார். கையும் நிற்கவில்லை, வாயும் நிற்கவில்லை. எங்களைத் திட்டிக்கொண்டே வந்தார்.

“அறிவு இருக்காடா உங்களுக்கு? தேன்கூடு தொங்கற பாறையிலே எவன்டா உங்களைப் புகை போடச் சொன்னான்?”

“நீதான்யா சொன்னே,” என்றேன்.

அதுவரை அவரை நான் ‘நீ’ என்று சொன்னதில்லை. டிரைவர் திரும்பிப் பார்த்தான். அடுத்து அறை விழும் என்று நானும் எதிர்பார்த்தேன். முள் எடுத்துக்கொண்டிருந்த அவர் கை ஒரு நிமிஷம் நின்றது. பிறகு மறுபடி எடுக்க ஆரம்பித்தார். ஊத்துக்கோட்டை வருகிறவரை அந்த விசில் சத்தம் மட்டும்தான் கேட்டது. அது நின்றுவிடக் கூடாது என்று நான் ஜெபம் செய்துகொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்ததும் ஊசி போட்டார், கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று போட்டார். “இன்னும் அரை மணி ஆகியிருந்தா கொண்டுவந்து பிரயோஜனம் இல்லை,” என்றார். சாயங்காலத்துக்குள் அவன் மூச்சு சீரானது. ஒரு கண் கோடு மாதிரி திறந்தது. அதில் என்னைப் பார்த்தான்.

“இன்னா நைனா, மூஞ்சி இவ்ளோ வீங்கிக்கீது? சிரிச்சியா?”

“நீ கண்ணாடி பாரு மொதல்ல. எதுக்குய்யா என் வாயைப் பொத்தினே?”

“நீ கத்தின கத்துல தொண்டைக்குள்ள பூந்துடும்னு நெனச்சேன். அதுவும் இல்லாம காது வலிச்சுது.”

இந்த முறை நான் அடக்கிக்கொள்ளவில்லை. வீங்கின உதட்டோடு சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதுவிட்டேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மறுநாள் காலை கான்ட்ராக்டர் வந்தான். நாங்கள் போன பிறகு அந்தக் குன்றில் சுழல் காற்று அடித்திருக்கிறது. தூர்பீன் சாய்ந்து பாறையில் மோதி, அதன் லென்ஸும் அளவுச் சக்கரமும் போய்விட்டன. கட்டிலில் கிடந்தவனை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சர்வேயர் அங்கேதான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இரவு முழுக்க அங்கேயே இருந்திருக்கிறார் என்று சட்டையைப் பார்த்தாலே தெரிந்தது.

“யார் தப்பு இது? இந்தப் பசங்க ஏதாவது பண்ணாங்களா?” என்று கேட்டான்.

‘ஆமாம்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் தப்பித்திருப்பார். எங்கள் பேச்சை யார் கேட்கப் போகிறார்கள்?

“புகை போடச் சொன்னது நான். கருவியை விட்டுட்டு வந்ததும் நான். அவங்க ஒண்ணும் பண்ணலை,” என்றார்.

“ரெண்டு கொடி போனா வேற ரெண்டு கொடி வரும். அந்தக் கருவி வருமா?”

நான் எழுந்துவிட்டேன். அவனை அடித்திருப்பேன். என் ஜோடி கட்டிலிலிருந்து கையை நீட்டி என் இரவல் வேட்டியைப் பிடித்துக்கொண்டான். சர்வேயர் தன் கூஜாவை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். அவர் வேலை அதோடு போயிற்று. டிரைவர் பிறகு சொன்னான், வேறு எந்த கான்ட்ராக்டரும் அவரை ரொம்ப நாள் வைத்துக்கொள்ளவில்லையாம். கருவியைத் தனியாக விட்டவர் என்று பேர் பரவிவிட்டது. அந்தத் தொழிலில் அதைவிடக் கெட்ட பேர் கிடையாது.

அடுத்த மாதம் நானும் என் ஜோடியும் திருவள்ளூர் போய் அவர் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தோம். அவர் வாசலுக்கு வந்தார். எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார். என் ஜோடியைத் திரும்பி நிற்கச் சொல்லி, சட்டையைத் தூக்கி முதுகில் இருந்த தழும்பைப் பார்த்தார். “ஆறிடுத்து,” என்றார். உள்ளேயிருந்து மோர் வந்தது. வாசலில் நின்றே குடித்தோம். உள்ளே வாருங்கள் என்று அவர் கூப்பிடவில்லை. இதையும் நான் எழுதத்தான் வேண்டும். பாறையடியில் எங்கள் எச்சிலைக் குடித்த அதே மனிதர்தான். திரும்பி வரும்போது எனக்குக் கோபமாக இருந்தது.

“வுடு நைனா,” என்றான் அவன். “அவுரு ஊட்டுக்குள்ள அவுரால முடியாது. கழனியில முடிஞ்சுது, ஓடியாந்தாரு. நான் உயிரோட கீறேன். அது போதும்.”

“உனக்குப் போதும். எனக்குப் போதாது.”

“உனுக்கு எதுதான்யா போதும்?”

இந்தச் சண்டை எங்களுக்குள் இன்றும் முடியவில்லை. அவன் இப்போது ஊத்துக்கோட்டையில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறான், மாதம் ஒரு முறையாவது சந்திப்போம். சர்வேயரை நல்லவர் என்று நான் சொல்லிவிட்டால், வாசலில் நின்று மோர் குடித்தது பொய்யாகிவிடும். கெட்டவர் என்று சொல்லிவிட்டால், எதிரே உட்கார்ந்து டீ குடிக்கிற இவன் பொய்யாகிவிடுவான். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறேன்.

பிறகு சொன்ன மாதிரியே கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகள் வந்தன. ஒன்றில் ஹெல்பராகச் சேர்ந்து, ஃபிட்டராகி, கடைசியில் நாலு பேரை அதட்டுகிற இடத்துக்கும் வந்தேன். என் வாய்க்குப் பயந்தவர்கள் அங்கே நிறையப் பேர். எனக்குப் பின்னால் என்ன பேர் வைத்துக் கூப்பிட்டார்கள் என்றும் தெரியும். அதையெல்லாம் மாற்றிக்கொள்ள எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஷெட்டில் எந்த மூலையிலிருந்து ஒரு மனிதன் கத்தினாலும், கையில் இருப்பது என்ன, அது எவ்வளவு விலை, அப்புறம் அதற்கு யார் பதில் சொல்வது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. போட்டது போட்டபடி ஓடியிருக்கிறேன், அந்த ஓட்டத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என்னைத் தன் வீட்டுக்குள் விடாதவர் என்பதை நினைத்தால் இன்றும் கோபமும் வருகிறது, கண்ணிலும் தண்ணீர் வருகிறது.